வெனிஸிலிருந்து வர எவ்வளவு நேரம்

வெனிஸைத் தூக்கிவிடலாம் என்று லோகநாதன் முடிவுக்கு வந்தபோது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு தின்ற மயக்கத்தில் வீடே கிறங்கிக் கிடந்தது. முன்னறையில் மனைவி வசுமதி மின்விசிறிக்கு நேர் கீழே பாயை விரித்துப் படுத்திருந்தாள். கல்லூரிக்குப் போகும் மகள் இலக்கியா மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாளா போனை நோண்டுகிறாளா என்பது அவளுக்கே வெளிச்சம். பின்னறையில் அப்பா நாச்சிமுத்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. குறட்டை கேட்கட்டும் என்றேதான் லோகநாதன் அதை அப்படி வைத்திருந்தான். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, அதன் திரையில் இலக்கியா ஆசை ஆசையாகப் போட்டுக்கொடுத்த ஐரோப்பாப் பயணத் திட்டம்: பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், லூசர்ன், மிலன், வெனிஸ், ரோம். மே மாதம், பன்னிரண்டு நாள், ஏழு ஊர். பெட்டியைப் பிரித்துக் கட்டவே நேரம் போதாது, ரயில் ரயிலாக ஏறி இறங்கிக் கால்தான் தேயும், நடக்கிற காரியமாக நாலு ஊர் போடலாம் என்று அவன் வீட்டில் சொல்லியிருந்தான். நாளைக் காலை விசா மையத்தில் திட்டத்தைக் கொடுத்தாக வேண்டும். நடக்கிற காரியம் என்று அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் வெனிஸை அவன் தூக்கியது அதற்காக இல்லை. வெனிஸில் இருக்கும்போது ஊரிலிருந்து போன் வந்தால், அங்கே படகு பிடித்து, படகிலிருந்து இறங்கி விமான நிலையம் போய், எங்கோ ஓர் ஊரில் இறங்கி ஏறி, இன்னோர் ஊரில் இறங்கி ஏறி, கோயமுத்தூரில் வந்து இறங்கி, சின்னியம்பாளையத்தில் இருக்கிற இந்த வீட்டு வாசலுக்கு வர ஒரு ராத்திரியும் ஒரு பகலும் பத்தாது. அதுவரைக்கும் அப்பாவை வைத்திருக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வசுமதி என்ன கேட்பாள் என்று தெரியும், நல்லாயிருக்கற மனுசனுக்கு நாள் குறிக்கறீங்களா என்பாள். நாள் குறிக்கவில்லை. தூரம்தான் பார்க்கிறான்.

வைத்திருப்பது என்றால் என்ன என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். காங்கேயத்தில் பெரியப்பாவை வைத்திருந்தார்கள். ரவியண்ணன் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும், ஒரே பையன், அவர் வந்துதான் கொள்ளி போட வேண்டும் என்று ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டு, சுவர் பிளக்கில் சொருகி, பெரியப்பாவை உள்ளே படுக்கவைத்துக் கண்ணாடி மூடியைச் சாத்தினார்கள். அங்கே பனிப்புயல், விமானம் ரத்து. இதோ கிளம்பிவிட்டார் என்றார்கள், இல்லை, விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள். முதல் நாள் அழுதவர்கள் இரண்டாம் நாள் காப்பி குடித்தார்கள், மூன்றாம் நாள் முணுமுணுத்தார்கள். பந்தல்காரன் மாலைக்கு வேறோரிடத்தில் கல்யாணம் இருக்கிறது என்று நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். நடுவில் மின்சாரம் போனது, ஜெனரேட்டர் வைத்தார்கள், அந்தச் சத்தத்தில் ஒப்பாரி யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் பங்காளிகள் கூடிப் பேசி, லோகு, நீ தம்பி மகன்தானே, உனக்கும் உரிமை உண்டு, நீயே போட்டுவிடு என்றார்கள். அவன் போட்டான். அதற்கு முன்னால் வீடியோவில் ரவியண்ணனைக் கூப்பிட்டுப் போனைக் கண்ணாடிக்கு மேலே பிடித்தான். கண்ணாடியில் பனி படர்ந்து முகமே தெரியவில்லை. துண்டால் துடைத்தான், மறுபடி படர்ந்தது, மறுபடி துடைத்தான். போனுக்குள்ளிருந்து ரவியண்ணன், லோகு, கொஞ்சம் பக்கத்துல காட்டு, இன்னுங் கொஞ்சம் பக்கத்துல என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தை ரொட்டி தின்றுகொண்டு நின்றது. அந்த ரொட்டியை லோகநாதனால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும்போது யாரோ ஒருவர், யார் என்று கூட ஞாபகமில்லை, பெத்து வளத்து என்ன பிரயோசனம், கொள்ளி போடறதுக்குக் கூட ஆள வாடகைக்கு எடுக்க வேண்டியதாப் போச்சு என்றார். வாடகைக்கு எடுத்த ஆள் லோகநாதன்தான். ஈரத்துண்டோடு அவருக்கு முன்னாலேயே நடந்துகொண்டிருந்தான். அன்றைக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. எனக்கு இப்படிப் பேச்சு வந்துவிடக் கூடாது என்று பிடரியைப் பிடித்த பயம் இன்னும் கையை எடுக்கவில்லை.

அவன் வேலை பார்ப்பது ஒரு பம்ப்செட் கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில். சரக்கு எந்த நாளில் கடைக்குப் போய்ச் சேர வேண்டுமோ அந்த நாளை முதலில் எழுதிக்கொண்டு அங்கிருந்து பின்னாலேயே வருவான்: லாரி எப்போது கிளம்ப வேண்டும், பேக்கிங் எப்போது முடிய வேண்டும், பெயிண்ட் எப்போது காய வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு சரக்கு தாமதமானதில்லை. பயணத்துக்கும் அதே கைப்பழக்கம். ஊர்ப் பெயரைப் பார்த்தவுடன் மற்றவர்களுக்குக் கோபுரமோ ஓவியமோ தோன்றுமாம். அவனுக்கு முதலில் பின்னறைக் கட்டில் தோன்றியது, கட்டிலிலிருந்து கூடம், கூடத்திலிருந்து வாசல், வாசலிலிருந்து விமான நிலையம் என்று பின்னாலேயே போய்க் கடைசியில்தான் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். பாரிஸ் பரவாயில்லை, பெங்களூருக்கு நேர் விமானம் உண்டு, பெங்களூரிலிருந்து கார் வைத்தால் விடியுமுன் வந்துவிடலாம், சேலம் தாண்டினால் ரோடும் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த விமானத்தில் கடைசி நிமிடத்தில் மூன்று பேருக்கு இடம் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் அவன் மட்டும் வர வேண்டியதுதான். அப்படியானால் வசுமதியும் இலக்கியாவும் அங்கே தனியாக, மொழி தெரியாத ஊரில், பாஸ்போர்ட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அந்த ஊர் ரயில் நிலையங்களில் பிக்பாக்கெட் அதிகம் என்கிறார்களே, ரயில் கதவு தானாக மூடிவிடும் என்கிறார்களே, ஒருத்தி ஏறி ஒருத்தி ஏறாமல் நின்றுவிட்டால்? சரி, மூன்று பேரும் சேர்ந்தே வரலாம். சேர்ந்து வந்தால் மூன்று பேரும் ஒரே விமானம். ஒரே விமானம் என்றால் அதற்கு ஒன்று ஆகிவிட்டால் இங்கே ஐஸ் பெட்டியில் இருக்கிறவருக்கு யார், அங்கே கடலில் கிடக்கிறவர்களுக்கு யார். இந்த இடத்துக்கு வந்தவுடன் மனது முட்டிக்கொண்டு நிற்கும். பிறகு திரும்ப முதலிலிருந்து, கட்டில், கூடம், வாசல். ஆம்ஸ்டர்டாம், வேண்டாம், அங்கே எப்போது பார்த்தாலும் மழை. கொலோன் ஒரே ஒரு தேவாலயத்துக்காகப் போவது, அது இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. ரோம் இறங்கி ஏறி வர வேண்டியது. மிலனை எதற்குப் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொன்றாக அழித்தான். அழிக்க அழிக்கத் திட்டம் நன்றாகிக்கொண்டே வந்தது. பெட்டி தூக்கும் வேலை குறைந்தது, காலை எழுந்து ஓடும் வேலை குறைந்தது, இதைப் பார்த்தால் எந்தப் பயண நிறுவனக்காரனும் சபாஷ் என்பான். புத்திசாலித்தனமும் பயமும் இவ்வளவு ஒட்டிப்போகும் என்று லோகநாதனுக்கு இதுவரைக்கும் தெரியாது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். இலக்கியா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள், குளிர்பதனப் பெட்டியைத் திறந்து தண்ணீர்ப் புட்டியை வாயில் கவிழ்த்தபடியே திரையைப் பார்த்தாள், பார்த்தவுடன் புட்டி இறங்கியது.

"ப்பா. வெனிஸ் எங்க?"

"மெல்லப் பேசு. அப்பாரு தூங்குறாரு."

"வெனிஸ் எங்கங்கறேன். ரோம் எங்க? இத்தாலியே இல்ல! ஒரு நாட்டையே தூக்கீட்டீங்க!"

"அலைச்சல் கண்ணு. உங்கம்மாவுக்கு முழங்கால் வலி. அந்த ஊர்ல ஆட்டோ இல்ல, காரில்ல, படிக்கட்டு ஏறி எறங்கியே சாகோணும்."

"அம்மாதான் வெனிஸ் போகோணும்னு சொன்னதே. கல்யாணமாகி இருவத்தஞ்சு வருசத்துக்குன்னு நீங்களே கூட்டீட்டுப் போறேன்னு சொன்னதுதான? ரெண்டே ஊரு போறதுக்கு எதுக்குப்பா ஐரோப்பா? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போயிட்டு வந்தர்லாம்."

அவன் திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தான். பேசாமலிருந்தால் அவள் தானாகத் தணிந்துவிடுவாள் என்பது பழைய கணக்கு. இந்த முறை அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"நெசமா என்னன்னு சொல்லுங்க. ஃபிளைட்டுன்னா பயமா?"

ஆமாம் கண்ணு, பயம், நீ நினைக்கிற பயம் இல்லை, உன் அப்பாரு, என்னைப் பெற்றவர், போகிறபோது நான் ஏதோ ஒரு பனிமலை மேல் நின்று சாக்லேட் தின்றுகொண்டிருப்பேனோ என்று பயம், அதை ஒருவன் பார்த்துவிட்டு ஆயுசுக்கும் மறக்க மாட்டானோ என்று பயம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பத்தொன்பது வயது, புரிந்துகொள்வாள். புரிந்துகொண்டால் அப்படியானால் போகவே வேண்டாம்ப்பா என்பாள், அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படிப் போகும் என்பதும் தெரியும். ஒரே மகள். நாளைக்குத் தனக்கு ஒன்று என்றால் இவள்தான். பெண் பிள்ளைகளும் இப்போது கொள்ளி போடுகிறார்கள், செய்தித்தாளில் படம் போடுகிறார்கள். இவள் எந்த ஊரில் இருப்பாளோ, எத்தனை விமானம் மாறி வர வேண்டியிருக்குமோ. சே, எங்கே போகிறது இந்த மனது.

"விசாக்காரன் கேட்டா நம்பற மாதிரி இருக்கோணும் கண்ணு. ஏழு ஊர் போட்டா எவன் நம்புவான்" என்றான்.

"நாலு ஊருன்னா நம்புவானுங்க. வெனிஸ வெய்ங்க. மத்ததெல்லாம் எடுத்துக்கங்க. நான் முகம் கழுவீட்டு வாறேன், வர்றப்ப வெனிஸ் அதுல இருக்கோணும்."

அவள் படியேறிப் போனாள். முன்னறையில் வசுமதி புரண்டு படுத்து, கண்ணைத் திறக்காமலே, "ஏனுங்க, அவகூட என்ன தகராறு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. தூங்கு."

"மாமாவுக்கு மாத்திரை குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"மாமா நல்லாத்தானிருக்காரு. சும்மா அதையே நெனச்சுட்டு இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் தூங்கிப்போனாள், அல்லது தூங்கினாற்போல் கிடந்தாள். அப்படியானால் இவளுக்குத் தெரியுமா? எவ்வளவு தெரியும்? வசுமதியின் சேலைத் தலைப்பு மின்விசிறிக் காற்றில் எழுந்து எழுந்து படிந்தது.

நல்லாத்தான் இருக்கிறார். டாக்டரும் அப்படித்தான் சொன்னார், எண்பத்து மூணு வயசுக்கு இது பரவாயில்லீங்க என்றார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து நாலு வருடம் ஆகிவிட்டது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரைக்கும் நடக்கிறார், ஞாயிற்றுக்கிழமை என்றால் எலும்பில்லாத கறி இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்கிறார், சாயந்தரம் டீவியில் விலைவாசியைத் திட்டுகிறார். ஆனால் டாக்டர் பரவாயில்லை என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தினாரே, அது எதற்கு? மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரே? மே மாதம் என்று சொன்னபோது, தாராளமாப் போயிட்டு வாங்க என்றார், தாராளமாக என்று எதற்காகச் சொல்ல வேண்டும்? போயிட்டு வாங்க என்றால் போதாதா? லோகநாதன் அந்த ஒரு வார்த்தையை இந்த இரண்டு வாரமாகப் பல்லில் சிக்கிய நாரைப் போல் நாக்கால் நெருடிக்கொண்டிருக்கிறான். தலைக்கு மேலே விமானம் ஒன்று இறங்கியது. இந்த வீட்டில் அது தினமும் கேட்கிற சத்தம், சன்னல் கம்பி லேசாக அதிரும், யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. இப்போது அவன் பார்த்தான். யாரோ வந்து இறங்குகிறார்கள். யாரோ ஒரு பையன் எங்கிருந்தோ வந்து இறங்கி, பெட்டிக்குக் கூட நிற்காமல் ஓடி வருகிறானோ என்னவோ. லூசர்ன். அங்கே ஒரு பனிமலை இருக்கிறதாம், பல்சக்கர ரயிலில் ஏறிப் போக வேண்டுமாம், மேலே போனால் கீழே வர அடுத்த ரயில் வந்தால்தான் உண்டு. அங்கே நிற்கும்போது போன் வருகிறது. டவர் கிடைக்கவில்லை, அரைகுறையாகக் கேட்கிறது, பங்காளி யாரோ பேசுகிறார், லோகு, அப்பா, லோகு, கேக்குதா, அப்பா என்று. இவன் என்ன ஏது என்று கத்துகிறான். சுற்றிலும் ஜனம் பனியை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் எறிந்து சிரிக்கிறது. காலுக்குக் கீழே ஐஸ். கூடத்திலும் ஐஸ். இந்த இடத்தில் அவனுக்கு நிஜமாகவே பாதம் குளிர்ந்தது. மேசைக்கடியில் காலை மாற்றி வைத்துக்கொண்டான். லூசர்னையும் எடுத்துவிடலாமா? மலையை மட்டும் எடுத்துவிடலாம். மலையில்லாமல் சுவிட்சர்லாந்துக்குப் போய் என்ன பார்ப்பது, மாட்டையா? சரி, மலைக்கு வசுமதியும் இலக்கியாவும் போகட்டும், தான் கீழேயே போனைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கலாம். பன்னிரண்டு நாளும் ஒவ்வொரு ஊரிலும் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெஞ்சு பார்த்து உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான், நல்ல சுற்றுலா.

சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் ஏதோ குறைகிறது என்று பட்டது. என்ன குறைகிறது என்று தெரிய ஒரு விநாடி ஆயிற்று. குறட்டை நின்றிருந்தது.

லோகநாதன் எழவில்லை. எழ வேண்டும் என்று நினைத்தான், கையை மேசையில் ஊன்றக்கூட ஊன்றினான், எழ முடியவில்லை. காது மட்டும் நீண்டு கதவு இடுக்கு வழியாக உள்ளே போனது. மின்விசிறி. வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்ப முயல்கிறான், கிளம்பவில்லை. குளிர்பதனப் பெட்டி முனகிக்கொண்டிருந்தது, காங்கேயத்துக் கூடத்தில் கேட்ட அதே முனகல், நாள் முழுக்க நின்று கேட்ட முனகல், இத்தனை நாளும் இது தன் வீட்டுச் சமையலறை ஓரத்தில் முனகிக்கொண்டே இருந்திருக்கிறது. மூச்சு? மூச்சுச் சத்தம் எதுவும் இல்லை. போய்ப் பார்க்கலாம், நாலு எட்டு. போய்ப் பார்த்தால் பார்த்ததாகிவிடும். பார்க்காதவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை, அப்பா தூங்குகிறார், ஒருக்களித்துப் படுத்திருப்பார், ஒருக்களித்துப் படுத்தால் குறட்டை வராது. அப்பா என்று கூப்பிடலாம். கூப்பிட்டுப் பதில் வராவிட்டால்? நெற்றியில் வியர்த்தது. வியர்த்துக்கொண்டே இருக்கும்போதுதான், எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, மிகவும் அமைதியாக, ஆபீஸில் காலையில் கோப்பைத் திறந்து பார்க்கிற மாதிரி அந்த நினைப்பு வந்தது: ஆகிவிட்டிருந்தால், இப்போது ஆகியிருந்தால், நான் இங்கேதான் இருக்கிறேன். ஓடி வர வேண்டியதில்லை. யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையில் எடுத்துவிடலாம், என் கையாலேயே. இது ஞாயிறு, மே மாதத்துக்கு இன்னும் நாளிருக்கிறது, காரியமெல்லாம் முடிந்துவிடும், வெனிஸை மறுபடியும் போட்டுக்கொள்ளலாம்.

வெனிஸை மறுபடியும் போட்டுக்கொள்ளலாம். அந்த வார்த்தை மனதில் முழுதாக ஓடி முடிந்தது, யாரும் தடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவனுக்கு உண்மையான பயம் வந்தது. அப்பாவைப் பற்றி இல்லை, பேச்சைப் பற்றி இல்லை, இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பற்றி. இவன் யார்? காய்ச்சலில் கிடந்தபோது மில் ஷிப்டு முடிந்து வந்து ராத்திரி முழுக்க இவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த மனிதன் உள்ளே கிடக்கிறான், இவன் இங்கே உட்கார்ந்து ஊர் சேர்த்துக்கொண்டிருக்கிறான். ஐயோ, நான் அப்படி நினைக்கவில்லை, அதுவாக வந்தது. அதுவாக எப்படி வரும், உள்ளே இருந்தால்தானே வரும். வாயைப் பொத்திக்கொண்டான், யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போல. முன்னறையில் வசுமதி அசையவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது, அது துக்கமா பயமா அவனுக்கே தெரியவில்லை. சாமி, ஒரு குறட்டை, ஒரே ஒரு குறட்டை.

"லோகூ."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தத்தில் வசுமதி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவன் அதற்குள் பின்னறையில் இருந்தான். அப்பா மல்லாந்து படுத்துக் கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு இப்பிடி ஓடியாற? எந்திரிக்கோணும், ஒண்ணுக்கு வருது."

அவன் அவருடைய அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினான். எப்போதும் தூக்குவதுதான், இன்றைக்கு அந்த உடம்பின் சூடு கையில் சுட்டது. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. வாக்கரைப் பிடிக்கவைத்துப் பின்னாலேயே நடந்து, குளியலறைக் கதவருகே நின்று, தண்ணீர் ஊற்றி, திரும்பக் கூட்டிவந்து கட்டிலில் உட்காரவைத்தான். அப்பா மூச்சு வாங்கினார். அந்த மூச்சைக் கேட்க நன்றாக இருந்தது.

"எந்நேரமும் அந்தப் பொட்டி முன்னாலியே உக்காந்திருக்கற?"

"ஊருக்குப் போற பிளானுங்கப்பா. நாளைக்கு விசாவுக்குக் குடுக்கோணும்."

"எந்தெந்த ஊரு?"

"பாரிஸ். அப்பறம் சுவிட்சர்லாந்துல ஒரு ஊரு. அவ்வளவுதானுங்க."

"அவ்ளோ தொலவு போயி ரெண்டே ஊரா? புள்ள என்னமோ தண்ணிக்குள்ளயே கட்டுன ஊருன்னு போன்ல காட்டுனாளே. வீட்டு வாசல்ல படகு நிக்குது. அங்க போலியா?"

"அது அலைச்சலுங்கப்பா."

அப்பா தலையாட்டினார். வேட்டியின் ஓரத்தை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார். ஏதோ கேட்க வந்து, கேட்காமல் விட்டு, மறுபடியும் கேட்க வந்தார். மில்லில் ஆளை மிரட்டி வேலை வாங்கிய மனிதர், மகனிடம் ஒன்றைக் கேட்க இவ்வளவு தயங்கி லோகநாதன் பார்த்ததில்லை.

"அதுல நானு எங்கியிருக்கறேன்?"

"எதுலீங்கப்பா?"

"நீ போட்டு வெச்சிருக்கறயே, அதுலதான். நீங்க மூணு பேரும் அங்க போயி இருக்கறப்ப, நானு எங்கியிருக்கறேன்?"

லோகநாதன் திட்டத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். இவன் பாரிஸில் இருந்தபோது அப்பா கூடத்தில் இருந்தார். லூசர்னில் இருந்தபோது அப்பா கூடத்தில் இருந்தார். ஆம்ஸ்டர்டாமிலும் ரோமிலும் வெனிஸிலும் அப்பா அதே கூடத்தில், அதே பெட்டிக்குள், கண்ணாடிக்குக் கீழே இருந்தார். இந்த மத்தியானம் முழுக்க எத்தனை ஊருக்குப் போய் எத்தனை முறை ஓடி வந்தான், ஒரு முறைகூட அவர் உயிரோடு இல்லை. ஒரு நாள் காலையில் அவருக்குக் காப்பி யார் போடுவது என்று நினைத்துப் பார்க்கவில்லை. யார் தூக்கி உட்காரவைப்பது, குளியலறைக் கதவருகே யார் நிற்பது, ஒன்றும் நினைக்கவில்லை. செத்துப்போனவரிடம் நேரத்துக்கு வந்து சேர அவ்வளவு யோசித்தவன், இருக்கிறவரை எங்கே விட்டுப்போவது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. யாராவது ஆள் போட்டுக்கொள்ளலாம் என்று எங்கோ ஓரத்தில் கிடந்திருக்கும், அவ்வளவுதான்.

"இன்னும் போடலீங்கப்பா" என்றான்.

"போட்ரு கண்ணு, மறந்தராத." அப்பா அவனைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். "பகல்ல ஒண்ணுமில்ல. டீவி ஓடும், ரோட்டுல வண்டி வாசி போகும், எப்படியோ பொழுது போயிரும். ராத்திரிலதான். ராத்திரில எனக்குப் பயமாருக்குது கண்ணு."

அப்பா பயம் என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. அம்மா போனபோதுகூடச் சொல்லவில்லை. ராத்திரிகளில் லோகூ என்று ஒரு குரல் வரும், இவன் தன் அறையிலிருந்தே தூக்கத்தோடு என்னுங்கப்பா என்பான், அவர் ஒண்ணுமில்ல, தூங்கு என்பார். தண்ணீர் வேண்டுமா, இல்லை. கால் வலிக்கிறதா, இல்லை. சில ராத்திரி இரண்டு மூன்று தரம். வயதாகிவிட்டது, சும்மா கூப்பிடுகிறார் என்று வசுமதியிடம் சலித்துக்கொண்டிருக்கிறான். அவர் சும்மா கூப்பிடவில்லை. என்னுங்கப்பா என்ற சத்தத்துக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

"ஆரு வந்து படுத்துட்டாச் செரிங்கப்பா?" என்று கேட்டான்.

அப்பா யோசித்தார். ரொம்ப நாளாக யாரும் அவரிடம் எதையும் கேட்காததால் யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஆராயிருந்தாலும் செரி. ஆம்பளையோ பொம்பளையோ. கொரலு மட்டும் கொஞ்சம் உன்ற கொரலாட்ட இருந்தாத் தேவல."

லோகநாதன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். முகம் கழுவிவிட்டு இறங்கி வந்த இலக்கியா கூடத்திலிருந்து, ப்பா, வெனிஸ் இருக்கா இல்லியா, ஒண்ணு சொல்லுங்க என்று கத்தினாள். அவன் எழப் போனான். அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், அந்தப் பிடி இறுகிக்கொண்டிருந்தது.